விழுந்ததும் நிற்பதும்

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. சென்னையில் இன்னும் விடிந்திருக்கவில்லை. அப்பாவிடமிருந்து போன் வந்தது. "எல்லாம் போச்சு ஆத்தா" என்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று நான் கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அன்று முழுவதும் மாற்றி மாற்றி அழைத்தும் ஊரில் ஒருவருடைய போனும் கிடைக்கவில்லை. பகலெல்லாம் அந்த ஒரு சொல்லே காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. எல்லாம்.

பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். காவிரியின் கடைமடை. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடித்தபோது அதோடு சேர்த்து வெட்டிய கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கத்தில் புது ஆறு என்பார்கள். அந்தத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. வரும் வருஷம் வரும், வராத வருஷம் வராது. நெல்லை நம்பி நம்பி அலுத்துப்போனவர்கள் ஒவ்வொருவராகத் தென்னைக்கு மாறினார்கள். எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அப்பாவும் மாறினார். நாலு ஏக்கர், ஏக்கருக்கு எழுபது மரம் என்று, ஏற்கெனவே நின்ற ஒன்றோடு சேர்த்து 280 ஆகும்படி கன்றுகள் வைத்தார். தென்னங்கன்றை எங்கள் பக்கத்தில் தென்னம்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். பெற்ற பிள்ளை சோறு போடாவிட்டாலும் தென்னம்பிள்ளை சோறு போடும் என்பது ஊரே நம்பிய சொல். என்னையும் தம்பியையும் படிக்க வைத்தது, எனக்குக் கல்யாணம் செய்து வைத்தது, பாட்டியின் வைத்தியச் செலவைத் தாங்கியது எல்லாமே அந்த மரங்கள்தான்.

இரண்டு வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு அன்றிரவே பஸ் ஏறினேன். தஞ்சாவூர் வரை பஸ் போனது. ஒரத்தநாட்டைத் தாண்டியதும் சாலையில் மரங்கள் கிடந்தன. அறுத்து ஒதுக்கிய இடங்களில் ஒரு வண்டி போகும் அளவுக்குத்தான் வழி. கடைசி நாலு கிலோமீட்டரை நடந்தேன். சிறு வயதிலிருந்து பழகிய வழி அது, ஆனாலும் இரண்டு இடங்களில் திசை தெரியாமல் நின்றேன். எங்கள் ஊரில் யாரும் தெருப்பெயர் சொல்லி வழி காட்டுவதில்லை. இன்னார் தோப்பு தாண்டி, இன்னார் தோப்புக்கு மேற்கே என்றுதான் சொல்வார்கள். தோப்புகள் இல்லாதபோது ஊருக்கு அடையாளமே இல்லை. வானம் மட்டும் என்றுமில்லாதபடி அகலமாகத் தெரிந்தது.

கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே நள்ளிரவுக்குப் பின் கரை ஏறி, 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் எங்கள் பக்கம் வந்திருக்கிறது. முதலில் வடக்கேயிருந்து அடித்ததாம். கொஞ்ச நேரம் ஓய்ந்ததாம். விட்டது என்று சனம் கதவைத் திறந்து பார்த்த வேளையில் தெற்கேயிருந்து திரும்பி அடித்ததாம். ஒரு பக்கம் சாய்ந்து தாக்குப்பிடித்த மரங்களை மறுபக்கக் காற்று முடித்துவிட்டது. சில வேரோடு பெயர்ந்து கிடந்தன. சில இடுப்பளவில் முறிந்திருந்தன. சிலவற்றில் தலையை மட்டும் திருகி எறிந்ததுபோல் மொட்டைத் தண்டு நின்றது. ஓட்டு வீட்டில் பாதிக் கூரை இல்லை. அம்மா தாழ்வாரத்தில் தார்ப்பாய் கட்டி அதற்கடியில் அடுப்பு மூட்டியிருந்தாள். அப்பா தோப்புப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். "எல்லாம் போச்சு ஆத்தா" என்றார் மறுபடியும்.

அடுத்த ஐந்து நாட்களும் அவர் பேசியது அந்த ஒரு வாக்கியந்தான். யார் வந்து கேட்டாலும் அதையே சொன்னார். சோற்றில் கை வைப்பார், எழுந்துவிடுவார். இரவில் தூக்கமில்லை. மோட்டார் கொட்டகையில் இருந்த பூச்சிமருந்து டப்பாக்களை அம்மா ஒரு கோணியில் போட்டுக் கட்டி, மூன்று வீடு தள்ளியிருந்த சித்தி வீட்டில் கொடுத்து வைத்துவிட்டு வந்தாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. கோணியோடு போனதை நான் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். அந்த வாரம் டெல்டாவில் பல வீடுகளில் பெண்கள் இதைச் செய்திருப்பார்கள்.

ஆறுதல் சொல்ல வந்தவர்களில் ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. ஆனாலும் அவர்கள் சொன்ன சொற்கள் அப்பாவைத் தொடவில்லை. "எல்லாம் நன்மைக்கே" என்றார் ஒருவர். "நம்மளவிட மோசமா அடி வாங்குனவன் எத்தன பேர் இருக்கான்" என்றார் இன்னொருவர். "மனச திடப்படுத்திக்கங்க" என்றார்கள் எல்லோரும். எதைக் கொண்டு திடப்படுத்துவது என்று யாரும் சொல்லவில்லை. பெரியப்பா ஒருநாள், "நிக்கிற மரத்தப் பாரு, விழுந்தத மறந்துரு" என்றபோது அப்பா முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "இருவத்தஞ்சு வருஷத்த எப்படிண்ணே மறக்கிறது?" அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. நோகும் இடத்தைப் பார்க்காதே என்று சொல்வதும் அந்த இடத்தை அலட்சியப்படுத்துவதுதான். நல்லதை மட்டும் பார் என்கிற அறிவுரை, இழந்தவனுக்குத் தன் இழப்பை யாரும் மதிக்கவில்லை என்றுதான் கேட்கும்.

ஆறாம் நாள் காலையில் ஒரு சிறிய வேன் வந்தது. கடலூர் மாவட்டம், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் அரிசியும் தார்ப்பாயும் மெழுகுவத்தியும் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர், அப்பா வயதுதான் இருக்கும், சாமான்களை இறக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தோப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எத்தன மரம்ணே?" என்று கேட்டார்.

"எல்லாம் போச்சு" என்றார் அப்பா.

"அது தெரியுதுண்ணே. எத்தன?"

அப்பாவிடம் பதில் இல்லை. பெரியவர் தன் கதையைச் சொன்னார். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரை அடித்தபோது அவருடைய பலாவும் முந்திரியும் ஒரே இரவில் போயின. தாத்தா காலத்துப் பலா மரங்கள். "ரெண்டு மாசம் நான் கொல்லப் பக்கமே போகல. மரம் போனது ஒரு நட்டம். அந்த ரெண்டு மாசம் இருக்கே, அது அதவிடப் பெரிய நட்டம்ணே. போயி ஒவ்வொண்ணா எண்ணிப் பாருங்க. நோவும். நொந்துட்டு வாங்க." இவ்வளவுதான் சொன்னார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

எப்படியும் கணக்கு எடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. கணக்கெடுக்க ஆட்கள் வரும்போது தோப்புக்காரர் எண்ணிக்கை சொல்ல வேண்டும். அன்று பிற்பகல் என் கைப்பையில் கிடந்த ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு, "வாங்கப்பா, எழுதிருவோம்" என்றேன். பத்து நிமிஷம் அசையவில்லை. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

நான் நினைத்திருந்தது ஒரு மணி நேர வேலை. இருட்டும் வரை ஆனது. அப்பா மரத்தை வெறும் எண்ணாகச் சொல்லவில்லை. "எழுது. மேலண்ட வரப்பு, மொத மரம். உன் தம்பி பொறந்த வருஷம் மொதப் பாளை விட்டுச்சு." "இது ரெண்டாவது. வண்டு விழுந்து குருத்து போயி, வேப்பம்புண்ணாக்கும் மணலும் வச்சுக் காப்பாத்துனது." "இது காய் சிறுசு, ஆனா கொலைக்குக் கொறவில்ல." விழுந்து கிடந்த ஒவ்வொரு மரத்தின் மேலும் கையை வைத்தார். நாற்பதாவது மரத்தருகே அழுதார். அறுபத்து மூன்று வயதில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் எதுவும் சொல்லாமல் பேனாவோடு நின்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாப்பத்தொண்ணு" என்றார்.

வீட்டுக்கு வந்து கூட்டினோம். 230. தார்ப்பாய்க்கு அடியில் ரசம் வைத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். "ஏங்க, கெணத்தடி மரம்?" அப்பா பேசாமல் இருந்தார். அது தாத்தா தன் கையால் வைத்தது. தோப்பிலேயே மூத்த மரம். அதைக் கடந்துதான் வந்திருந்தோம். அவர் அதன் பக்கம் திரும்பவே இல்லை. "அதையும் எழுது ஆத்தா" என்றார் கடைசியில். 231.

அன்றிரவு அப்பா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்கு அதிசயமாக இருந்தது. காலையில் இருந்ததைவிட இழப்பு ஒரு மரமும் குறையவில்லை. சொல்லப்போனால் கிணற்றடி மரத்தையும் சேர்த்து ஒன்று கூடியிருந்தது. ஆனால் "எல்லாம்" என்ற சொல்லுக்குக் கரை கிடையாது. நீந்தத் தொடங்கவும் இடமில்லை, நிற்கவும் இடமில்லை. 231-க்குக் கரை உண்டு. அதற்கு அந்தப் பக்கம் 232 என்று ஒன்று இருக்கிறது, அது நிற்கிறது. நம் மொழியில் எண்ணுதல் என்றால் எண்ணிக்கை போடுவதும் அதுதான், நினைத்துப் பார்ப்பதும் அதுதான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்திருப்பார்கள் என்று அன்றிரவு தோன்றியது. அதுவரை அப்பா துக்கப்பட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தார்.

மறுநாள் நவம்பர் 23, கார்த்திகை தீபம். லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து மாவட்டம் மாவட்டமாக இருட்டில் கிடந்த நேரம். எங்கள் ஊரில் ஜெனரேட்டர் வைத்திருந்த ஒருவர் வீட்டில் இருபது ரூபாய் கொடுத்து போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த வருஷம் தீபம் ஏற்ற வேண்டுமா என்று தெருவில் பேச்சு வந்தது. அம்மா அகல்களைக் கழுவிக் காயவைத்துவிட்டாள். அந்தியில் வாசலில் விளக்கு வைத்துவிட்டு நோட்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். "நிக்கிறத எண்ணலியே?" அப்பா கொஞ்சம் யோசித்தார். "எண்ணுவோம். ஆனா தனிப் பக்கத்துல எழுதாத. அதே பக்கத்துல எழுது" என்றார். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் விழுந்தது 231. வலப்பக்கம் நிற்பது 49. அதில் குருத்து திருகியது 11.

அந்தக் கோட்டைப் பற்றி நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். பெரியப்பா சொன்னதுபோல வலப்பக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் அது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாக இருந்திருக்கும். ஐந்து நாளாகச் செய்துகொண்டிருந்ததுபோல இடப்பக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் அந்தக் கோணி சித்தி வீட்டிலேயேதான் இருந்திருக்கும். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழகுவதைத்தான் நான் மனத்திடம் என்று சொல்வேன்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். மின்சாரம் இல்லாத அந்த இரவுகளில் அரிக்கேன் விளக்கோடு வந்து அப்பாவுடன் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் வ.உ.சி.யைப் பற்றிச் சொன்னார். வெள்ளைக்காரனை எதிர்த்துக் கப்பல் விட்டவர், 1908-ல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றவர், கோயம்புத்தூர் சிறையில் செக்கிழுத்தவர். அவ்வளவும் அப்பாவுக்குத் தெரியும். "செக்கிழுத்தத எல்லாரும் ஞாபகம் வச்சிருக்கோம். அதே சிறையிலேர்ந்து அவரு எழுதுனத ஞாபகம் வச்சிருக்கோமா?" என்று கேட்டார் ஆசிரியர். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூலை வ.உ.சி. அந்தச் சிறைக்காலத்தில்தான் 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். கப்பல் போயிற்று, வக்கீல் தொழில் போயிற்று, உடம்பும் அவர் வசம் இல்லை. அந்த நிலையில் தன் வசம் மிச்சமிருந்த ஒரே நிலத்தை, தன் மனசை, அவர் உழுதுகொண்டிருந்திருக்கிறார். 1912 டிசம்பரில் விடுதலையானபோது வறுமைதான் காத்திருந்தது. மனசைச் சரியாக வைத்துக்கொண்டால் போனதெல்லாம் திரும்பி வரும் என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சியில்லை. ஒன்றும் திரும்பி வராதபோதும் மனிதன் குலையாமல் இருக்க முடியும் என்பதற்குத்தான் சாட்சி. அப்பா செக்கு என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். எங்கள் கொப்பரை போவதும் செக்குக்குத்தானே.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் தப்பாகிவிடும். மனத்திடம் மட்டும் எங்களைத் தூக்கி நிறுத்தவில்லை. கேரளத்திலிருந்தும் மற்ற மாவட்டங்களிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். இருபத்து நாலாம் நாள் எங்கள் தெருவில் விளக்கு எரிந்தது. பண்ருட்டிக்காரர்கள் கொண்டுவந்த அரிசியை உண்டோம். நிவாரணப் பணம் மரம் அறுக்கும் கூலிக்குக் கைகொடுத்தது. அடிபட்டவனிடம் தைரியமாக இரு என்று சொல்வது அவனுக்குச் செய்ய வேண்டிய உதவிக்கு ஈடாகாது. உதவி வரும்வரை தாக்குப்பிடிக்கவும், வந்த உதவியை வாங்கி எழுந்து நிற்கவும்தான் மனத்திடம் வேண்டியிருக்கிறது.

அப்பா தினமும் ராத்திரி நோட்டில் எழுத ஆரம்பித்தார். பெரிய எழுத்து ஒன்றுமில்லை. "இன்று 6 மரம் அறுத்தது." "மேலண்டப் பக்கம் வேர்க்கட்டை 4 எடுத்தது." விழுந்த தண்டுகளை அப்படியே மக்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில் பெருகி, நிற்கும் மரங்களின் குருத்தைத் துளைக்கும். காயம்பட்ட மரங்களைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டு வரும். அதனால் விழுந்ததை அகற்றுவது நிற்பதைக் காப்பாற்றும் வேலையாகவும் இருந்தது. தண்டுகளை விறகு விலைக்குக் கொடுத்தார். குருத்து திருகிய பதினொன்றில் மூன்றுதான் பிழைத்தன. எட்டை வலப்பக்கத்தில் அடித்துவிட்டு இடப்பக்கத்தில் சேர்த்தார். 239, 41. அன்றைக்கு அவர் கை நடுங்கவில்லை என்று அம்மா சொன்னாள்.

தோப்பைச் சுத்தம் செய்து முடிக்க எட்டு மாதம் ஆனது. இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அந்த மண்ணில் முழு வெயில் விழுந்தது. கடலையும் உளுந்தும் போட்டார். வாங்கிய கன்றை அவசரமாக நட அவருக்கு மனமில்லை. அந்தக் காற்றில் நின்ற 41 மரங்களில் காய்ப்பும் திரட்சியும் பார்த்துப் பன்னிரண்டைத் தாய்மரமாகப் பொறுக்கினார். நன்றாக முற்றிய நெற்றுகளாக இறக்கி, மணல் பாத்தியில் பதியம் போட்டார். "இந்த வயசுல வச்சு, காய்க்க ஆறேழு வருஷம் ஆகுமே, யார் சாப்பிடப்போறது?" என்று ஒருவர் கேட்டதற்கு, "எங்கப்பா வச்சத நான் சாப்பிட்டேன்ல" என்றார்.

*

எனக்கான புயல் 2020-ல் வந்தது. மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியது. ஜூனில் நான் வேலை பார்த்த நிறுவனம் எங்களில் பலரை நிறுத்திவிட்டது. பத்து வருஷ வேலை, ஒரு மின்னஞ்சலில் முடிந்தது. கணவருக்குப் பாதிச் சம்பளம். வீட்டுக் கடன் தவணை நிற்கவில்லை. அக்கம்பக்கத்தில், சொந்தக்காரர்களிடத்தில், கூடப் படித்தவர்களிடம் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகக் காட்டிக்கொண்டு கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். அதற்கப்புறம் விடியும்வரை மனசு ஓடும். கடன் கட்ட முடியாமல் வீடு போகும், மகளைப் பள்ளியில் சேர்க்க முடியாது, கணவர் வேலையும் போகும், எனக்கு இனி யாரும் வேலை தரமாட்டார்கள். "எல்லாம் போச்சு" என்று நானும் ஒருநாள் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது.

பயண அனுமதிக்கான இ-பாஸ் வாங்கிக்கொண்டு மகளோடு ஊருக்குப் போனேன். ஆடி மாதம். அப்பா பதியத்திலிருந்து கன்றுகளைப் பிரித்துக் குழியில் வைத்துக்கொண்டிருந்தார். மூன்றடிக் குழி, அடியில் மணலும் தொழுவுரமும். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி அதே நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, நடுவில் அவரே கோடு போட்டுக் கொடுத்தார்.

இடப்பக்கம் நிறைய எழுதினேன். வேலை போனது. சம்பளம் போனது. வீடு போகும். மகள் படிப்பு கெடும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். பேனாவை வாங்கி, "வீடு போகும்" என்பதை அடித்தார். "போயிருச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "விழாத மரத்த விழுந்ததுல எழுதாத ஆத்தா." அப்படி அடித்துக்கொண்டே வந்ததில் ஒன்பது வரியில் இரண்டுதான் மிஞ்சியது. வேலை, சம்பளம். இரண்டும் பெரிய மரங்கள். அவற்றுக்காக அன்றிரவு அழுதேன், அம்மா மடியில் படுத்து. ஆனால் இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்பிக்கொண்டிருந்தவை அந்த ஏழும்தான். அவை தோப்பிலேயே இல்லாத மரங்கள்.

பின்னால் ஒரு கட்டுரையில் படித்தேன். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் தங்கள் மனத்தை வருத்திய அனுபவத்தை நாலு நாள் தொடர்ந்து, தினமும் கால் மணி நேரம் எழுத வேண்டும். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் கனத்துத்தான் போயிருக்கிறது. ஆனால் நடந்ததையும் அப்போது பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் உடம்புக்கு முடியவில்லை என்று மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்திருந்தது. முதலில் நோவும், பிறகு இலகுவாகும். படித்ததும் பண்ருட்டிப் பெரியவரைத்தான் நினைத்துக்கொண்டேன். நொந்துட்டு வாங்க என்று அவர் சொன்னது அதைத்தானே.

நான்கு மாதம் ஊரில் இருந்தேன். பகலில் கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தேன். நாலு வயது மகள் ஒரு சொம்போடு பின்னால் வந்தாள். வேலை போனதைச் சொல்ல வேண்டியவர்களிடம் ஒவ்வொருவராகப் போனில் சொன்னேன். முதல் ஆளிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. நாலாவது ஆளிடம் சொல்லும்போது அது வெறும் செய்தியாகிவிட்டது. அவர்களில் ஒருவர் மூலமாகத்தான் அடுத்த தை மாதம் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தைவிடக் குறைவு. அதையும் நோட்டில் இரண்டு பக்கத்திலும் எழுதினேன்.

கஷ்ட காலத்தில் இருக்கும் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் நான் சொல்ல விரும்புவது அந்த நோட்டிலிருந்து கற்ற நாலு காரியங்களைத்தான். விழுந்ததை ஒன்றுவிடாமல் எழுதுங்கள், எழுத மனம் வராத அந்தக் கிணற்றடி மரத்தையும் சேர்த்து. நிற்பதை அதே பக்கத்தில் எழுதுங்கள். விழாததை விழுந்ததாக எழுதாதீர்கள். ராத்திரி படுக்கும் முன் இன்றைக்குச் செய்தது என்று ஒரு வரியாவது எழுதுங்கள், ஒரு வேர்க்கட்டையைப் பிடுங்கியதாக இருந்தாலும் சரி. பேனாவைக்கூட எடுக்க முடியாத அளவுக்கு இருட்டாக இருந்தால் தனியாக உட்காராதீர்கள். பக்கத்து வீட்டைத் தட்டுங்கள். 104-க்கோ 14416-க்கோ போன் செய்தால் பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் அப்படி இருந்தால், என் அம்மா செய்ததைச் செய்யுங்கள். கோணியை அப்புறப்படுத்திவிட்டு, அவரோடு உட்கார்ந்து, "எத்தனை?" என்று கேளுங்கள்.

அப்பாவுக்கு இப்போது எழுபது. நோட்டு மூன்றாகிவிட்டது. தாய்மரங்களிலிருந்து எடுத்து வைத்த கன்றுகளில் 206 பிழைத்திருக்கின்றன. 2025 ஐப்பசியில், கஜா அடித்த அதே மாதத்தில், அப்பா போன் செய்தார். நோட்டில் எழுதியிருந்ததை அப்படியே படித்துக் காட்டினார். "பாளை விட்டது, 7 மரம்."